ஆட்கொல்லிப் புலிக்கு எந்தத் தோட்டா? தருமபுரி காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனும் தோளை உதைத்த .405-ம்

தருமபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், பென்னாகரம் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். சனி, ஞாயிறு என்றால் பெங்களூரு கார்கள் வரிசை கட்டும் ரூட் இது. சுமார் 80 வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்துக்குப் பெங்களூருவிலிருந்து ஒருவர் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். அருவிக் குளியலுக்கோ மீன் வறுவலுக்கோ அல்ல, மனிதர்களைத் தின்னப் பழகிவிட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி. பெயர் கென்னத் ஆண்டர்சன். கையில் பெரும்பாலும் ஒரே துப்பாக்கிதான்: .405 வின்செஸ்டர்.

துப்பாக்கி பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். .405 சுட்டால் தோளில் விழும் உதை சாதாரணமானது இல்லை. அதே காலத்தில் வடக்கே குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளைத் துரத்திய ஜிம் கார்பெட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டதோ .275 ரிக்பி. உதை குறைவு, குறி தப்பாது என்று பெயர் எடுத்த தோட்டா அது. ஒரே வேலைக்கு ஏன் இரண்டு எதிரெதிர் தேர்வுகள்? அதற்கு முதலில் ஆண்டர்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ம் தேதி, செகந்திராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி, ஆனால் குடும்பம் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே இருந்தது. அப்பா டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் ராணுவக் கணக்குத் துறை அதிகாரி. படிப்பு பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். பிறகு வக்கீலுக்குப் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

தபால் தந்தித் துறையில் 15 வருஷம் வேலை. அதன் பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் மேலாளர் பதவி. அதாவது ஆண்டர்சன் முழுநேர வேட்டைக்காரர் இல்லை, மாதச் சம்பளக்காரர். லீவு கிடைத்தால் காருக்குள் துப்பாக்கியையும் சாப்பாட்டையும் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுகிற ரகம். இன்றைய ஐ.டி. இளைஞர்கள் பலருக்கு இந்த மனநிலை புரியும்.

தமிழும் கன்னடமும் பேசுவார். காட்டோரக் கிராமங்களில் அவருக்குக் கதவு திறந்தது இதனால்தான். அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பேர் நம்ம ஊர்க்காரர்கள். ஒருவர் பென்னாகரத்து ரங்கா. இன்னொருவர் சின்னாற்றுப் பக்கத்துப் பூசாரி பைரா. தடம் பார்ப்பது, புலி எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் வேலை. புத்தக அட்டையில் பெயர் ஆண்டர்சனுடையது என்றாலும், உள்ளே பாதி அறிவு இவர்களுடையது என்பதை அவரே மறைக்கவில்லை.

ஒரு சின்னக் குறிப்பு: அவர் புத்தகங்களில் தருமபுரி மாவட்டத்தைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். அப்போது இதெல்லாம் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். அவர் கதைகளில் வரும் ஜவளகிரியும், 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதிய சிறுத்தையின் கும்மளாபுரமும் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. முண்டச்சிப்பள்ளம் பென்னாகரம்–ஒகேனக்கல் பாதையில் இருக்கிறது.

உதை எங்கிருந்து வருகிறது?

தோட்டா என்பது ஒரு பித்தளைக் குப்பி. அடியில் தீப்பற்ற வைக்கும் பகுதி, நடுவில் வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. ட்ரிக்கரை இழுத்ததும் மருந்து எரிந்து, வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. அதுதான் தோளில் விழும் உதை.

குண்டு கனமாக இருந்தால் உதை கூடும். வேகம் கூடினாலும், மருந்து அதிகமானாலும் கூடும். துப்பாக்கியின் எடை கூடினால் மட்டும் உதை குறையும்.

.405 தோட்டாவின் குண்டு 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 670 மீட்டர். .275 ரிக்பி என்பது 7x57 மவுசர் தோட்டாவுக்கு இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் வைத்த பெயர். அதில் வழக்கமான குண்டு 140 கிரெயின், சுமார் 9 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 820 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள துப்பாக்கிகளில் போட்டுச் சுட்டால், .405 தரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, ஆண்டர்சன் வைத்திருந்த 1895 மாடல் வின்செஸ்டர்களில் பலவற்றுக்குத் தோளில் பதியும் முனை பிறை வடிவ இரும்புத் தகடு. ரப்பர் பேட் எல்லாம் கிடையாது.

தோள் வலித்தால் என்ன, தைலம் தடவிக்கொள்ளலாமே என்று தோன்றும். பிரச்சினை வலி இல்லை, வலிக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. உதைக்குப் பயந்து பழகிய உடம்பு, குண்டு கிளம்புவதற்கு முன்பே கண்ணை மூடும், தோளை முன்னால் தள்ளும், ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கும். 60 செ.மீ. குழலின் ஒரு முனை நிலையாக இருக்க, மறுமுனை 1 மி.மீ. விலகினால் போதும். 100 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 17 செ.மீ. தள்ளிப் போய் விழும்.

குறிபார்த்துச் சுடும் போட்டியில் இதனால் போவது சில பாயின்ட்கள். காட்டில் கணக்கு வேறு. நெஞ்சில் பட வேண்டிய குண்டு தாடையிலோ காலிலோ பட்டால், மான் பிடிக்க முடியாத ஒரு புலி உயிரோடு தப்பிப் போகும். அதற்குப் பிறகு அதற்கு எட்டுவது விறகு பொறுக்கப் போகிறவர்களும் மாடு மேய்க்கிற பிள்ளைகளும்தான். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியின் வாயை கார்பெட் திறந்து பார்த்தபோது, வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ தப்பாகச் சுட்டதன் விளைவு. ஆண்டர்சனின் கதைகளிலும் ஆட்கொல்லிகள் பலவற்றுக்குப் பின்னால் இப்படியொரு பழைய காயம் இருக்கும். தப்பாகச் சுட்டவர் ஊருக்குப் போய்விடுவார், விலை கொடுப்பது கிராமம்.

கார்பெட்டின் கணக்கு

சம்பாவத் புலியை 1907-ல் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாண துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்ததுதான் அந்த .275 ரிக்பி. 1926-ல் ருத்ரபிரயாகை சிறுத்தையைச் சுட்டதும் இதில்தான். கார்பெட்டிடம் கனமான இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது. ஆனால் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவருக்கு இலேசான துப்பாக்கியின் அருமை தெரியும்.

1930-ல் சௌகர் பெண்புலியைச் சந்தித்த கதை இதற்கு நல்ல உதாரணம். பாறையைச் சுற்றித் திரும்பியபோது புலி எட்டடி தூரத்தில். அவருடைய இடது கையில் பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகள்! வலது கையால் மட்டும் ரைஃபிளை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பிச் சுட்டார். அன்று கனமான ரைஃபிள் வைத்திருந்தால் அது நடந்திருக்காது என்பது கார்பெட்டே எழுதி வைத்த கணக்கு.

ஆப்பிரிக்காவில் 'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான யானைகளை இதே 7x57 தோட்டாவால் வீழ்த்தினார். இன்று படிக்கும்போது வயிற்றைப் பிரட்டுகிற எண்ணிக்கை அது. ஆனால் குண்டின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடம் முக்கியம் என்பதற்கு வேட்டை உலகம் இன்றும் காட்டும் சாட்சி அவர்தான்.

அப்படியானால் .405 தப்பான தேர்வா?

இல்லை. ஆண்டர்சன் சுட்ட சூழ்நிலை வேறு. அவருடைய ஆட்கொல்லிக் கதைகள் பலவும் இரவில் நடப்பவை. மரத்தில் கட்டிய பரண், துப்பாக்கியில் பொருத்திய டார்ச், சில கஜ தூரத்தில் இரண்டு கண்கள். அந்த தூரத்தில் 1 மி.மீ. விலகல் பெரிய விஷயமில்லை. அடிபட்ட புலி இருட்டில் தப்பி ஓடாமல் அங்கேயே விழ வேண்டும் என்பதுதான் விஷயம். கனமான, அகலமான குண்டு அதற்குக் கைகொடுக்கும். தவிர, 1895 மாடல் ஒரு லீவர் துப்பாக்கி. கீழே இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். பாய்ந்து வரும் மிருகத்துக்கு முன்னால் இது சின்ன வசதி இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு எடுத்துப் போனதும் .405 தான்.

பணமும் ஒரு காரணி. லண்டன் நிறுவனங்கள் கையால் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள் மகாராஜாக்களுக்கானவை. வின்செஸ்டர் ஃபேக்டரியில் மொத்தமாகத் தயாரான சரக்கு. கூடவே சட்டமும் இருந்தது. ராணுவத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, .303 போன்ற ராணுவ அளவுகளைத் தனியார் வைத்துக்கொள்ள ஆங்கிலேய அரசு தடை போட்டிருந்தது. இந்தியாவில் .315 என்ற விசித்திரமான அளவு பரவியதற்கும், சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு ஆயுதத் தொழிற்சாலை அதே அளவில் ரைஃபிள் செய்ததற்கும் வேர் இந்தத் தடைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதைக்கும் துப்பாக்கியைப் பல வருஷம் ஒருவரே தொடர்ந்து பயன்படுத்தினால் உடம்பு பழகிவிடும். ஆண்டர்சனுக்கு அது நடந்தது. புதிதாகக் கற்பவருக்கு நடக்காது. அதனால்தான் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் ஆரம்பநிலைக்காரர்களுக்கு இன்றும் .243 வின்செஸ்டர், 6.5x55 ஸ்வீடிஷ், 7x57 போன்ற உதை குறைந்த தோட்டாக்களைத்தான் சொல்கிறார்கள். ஸ்வீடனில் குதிரையைவிடப் பெரிய மூஸ் மானையே 6.5x55-ல் காலங்காலமாகச் சுடுகிறார்கள். போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். .22 ரைஃபிளின் குண்டு சுமார் இரண்டரை கிராம்தான், உதை இருப்பதே தெரியாது. 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஜெயிக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் அந்தப் புள்ளி வெறும் அரை மி.மீ. அங்கே .405-க்கு வேலையே இல்லை.

புலியிலிருந்து பேனாவுக்கு

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகள்: 8 சிறுத்தைகள், 7 புலிகள். உண்மையான எண்ணிக்கை இன்னும் அதிகம் என்று பேச்சு உண்டு. கதைகளில் கொஞ்சம் மசாலா தூவியிருக்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு. பதிவில் இருப்பதை எடுத்துக்கொள்வதே நியாயம்.

முதல் புத்தகம் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' வந்தது 1954-ல், அவருக்கு 44 வயதில். அதன் பிறகு 'மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ்', 'தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி' என்று வரிசையாக வந்தன. பிற்காலப் புத்தகங்களில் துப்பாக்கிச் சத்தம் குறைந்து, காடு அழிகிறதே என்ற கவலை கூடிக்கொண்டே போகும். ஜீப்பில் வந்து இரவு லைட் அடித்து மான் சுடுகிறவர்கள் மீது அவருக்கு வந்த கோபம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். கடைசி வருஷங்களில் அவர் கையில் துப்பாக்கியைவிட கேமராதான் அதிகம் இருந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி. இன்று புலியைச் சுட்டால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டோரங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையும் போலீஸும் கிராமங்களைக் கேட்டுக்கொள்வது இப்போதும் நடக்கிறது.

சட்டம் வந்து இரண்டே வருஷத்தில், 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, பெங்களூருவில் புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார். வயது 64. 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' 1976-ல், அவர் போன பிறகு வெளிவந்தது. அப்பாவோடு காடு சுற்றிய மகன் டொனால்ட் ஆண்டர்சன் 2014 ஜூலையில் காலமானார். பென்னாகரத்துக்கு அப்பால் இருக்கும் காடுகளில் ஒரு பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் அதே வருஷம்தான்.