படுகையும் பட்டணமும்

கொள்ளிடமும் காவிரியும் வளம் சேர்க்கும் சோழநாட்டில், மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்னும் புனைபெயரே அவருக்கு நிலைத்தது. திருச்சிராப்பள்ளியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1921இல் பள்ளியைத் துறந்தார். மறு ஆண்டு சிறை சென்றார்.

பின்னர்த் திரு.வி.க.வின் நவசக்தி இதழில் பணியாற்றினார். சேர்வராயன் மலையை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் தங்கி, இராஜாஜியுடன் இணைந்து மதுவிலக்குக் கொள்கையைப் பரப்பும் விமோசனம் இதழை நடத்தினார். அதன்பின் ஆனந்த விகடன் ஆசிரியராகிச் சென்னையில் வாழ்ந்தார்.

ஆற்றங்கரைச் சிற்றூரையும் பெருநகரையும் ஒருங்கே அறிந்த இவ்வாழ்வின் பயனே, 1937இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த கள்வனின் காதலி. பூங்குளம் என்னும் சிற்றூரில் முத்தையனும் கல்யாணியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். வறுமை அவர்களைப் பிரிக்கிறது. கல்யாணி முதியவர் ஒருவருக்கு மனைவியாகிறாள். தங்கை அபிராமிக்கு இழைக்கப்பட்ட தீங்கை எதிர்த்ததன் விளைவாகச் சிறைப்பட்ட முத்தையன், தப்பிச் சென்று கள்வனாகிறான்.

அவனுக்குப் புகலிடம் தருவது கொள்ளிடக்கரைப் படுகைக் காடு. கோரையும் நாணலும் புதரும் அடர்ந்த அவ்விடத்தில், ஊராரால் வெறுக்கப்படும் கள்வன் காதலனாக மட்டுமே இருக்கிறான். மறுபுறம் சென்னை. அங்கே அவன் நாடக மேடையில் கள்வன் வேடமேற்கிறான். ஊரில் காவலர்கள் தேடும் அதே கள்வனை நகரத்தார் கைதட்டிப் பாராட்டுகின்றனர். படுகையில் மெய்யான அன்பு மறைந்து வாழ்கிறது. பட்டணத்தில் ஒப்பனை ஒளிபெறுகிறது.

இவ்விரு களங்களும் ஒன்றையொன்று தொடும்போது அழிவு நேர்கிறது. முத்தையனைக் காக்க விரும்பிய நாடக நண்பன் கமலபதி, பெண் வேடத்தில் படுகைக்கு வருகிறான். அவ்வேடத்தை மெய்யென நம்பிய கல்யாணி, மனங்கொதித்துக் காதலனின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். உண்மை புலப்படும்போது காலம் கடந்துவிடுகிறது. இருவர் உயிரும் பிரிகின்றன. எளியோர்க்கு நீதி கிடைக்காத ஊரில் தூய அன்புக்கும் வாழ இடமில்லை என்பதை, அறிவுரையால் அன்றிக் களங்களின் முரணால் உணர்த்தினார் கல்கி.

வரலாற்றுப் புதினங்களாலும் பெரும்புகழ் எய்திய அவர் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். தாம் பிறந்த ஆற்றங்கரை மண்ணையும் வாழ்ந்த நகரையும் எதிரெதிரே நிறுத்தி, ஓர் ஏழையின் காதலுக்கு அவர் எழுத்தில் நீதி வழங்கினார்.