புனித தாமஸ் மோர்: வருமானமும் மனச்சான்றும்



சட்டப்படிப்பை முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். குற்ற வழக்குகளை எடுப்பதா, சொத்து வழக்குகளை எடுப்பதா, கம்பெனிச் சட்டம், வரிச் சட்டம் என்று போவதா? எதில் வருமானம் அதிகம்? எதில் மனநிறைவு கிடைக்கும்? இந்தக் கேள்விகளில் தவறு ஒன்றும் இல்லை. உழைப்புக்கு ஏற்ற ஊதியத்தைத் தேடுவதும், அதைக் கொண்டு குடும்பத்தைக் காப்பதும் நம் கடமையே. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விகளின் நடுவே வாழ்ந்த ஒரு வழக்கறிஞரைத் திருஅவை புனிதராகப் போற்றுகிறது. நல்ல வருமானம் தரும் துறையில் உச்சத்தைத் தொட்ட அந்த மனிதரின் வாழ்வை இன்று நாம் சற்று சிந்திப்போம்.

தாமஸ் மோர் 1478-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் மோர் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதியாகவும் உயர்ந்தவர். சிறுவயதில் தாமஸ், கர்தினால் மார்ட்டனின் இல்லத்தில் பணிவிடைச் சிறுவனாக இருந்தார். அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட கர்தினால் அவரை ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க அனுப்பினார். அங்கே அவர் மனம் இலக்கியத்திலும் மொழிகளிலும் ஈடுபட்டது. தந்தைக்கோ மகன் சட்டத்துறைக்கு வரவேண்டும் என்பதே விருப்பம். கைச்செலவுக்குக்கூடப் பணத்தை அளந்தே கொடுத்தார். மகனைக் கைவிட்டுவிடும் அளவுக்கு அவர் சினந்தார் என்று மோரின் நண்பர் எராஸ்மஸ் எழுதுகிறார். இரண்டு ஆண்டுகளில் தாமஸ் இலண்டனுக்குத் திரும்பினார். 1496-ஆம் ஆண்டு லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக்கழகத்தில் சேர்ந்தார். ஆக, சட்டத்துறை அவராக விரும்பித் தேர்ந்த வழி அல்ல. தந்தை காட்டிய வழி.

வழக்கறிஞரான பிறகும் அவருக்குள் ஒரு போராட்டம் இருந்தது. கார்த்தூசியத் துறவிகளின் மடத்தை ஒட்டி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்கேற்று வாழ்ந்தார். துறவியாவதா, இல்லறத்தை ஏற்பதா என்று சிந்தித்தார். முடிவில் இல்லற வாழ்வையே தம் அழைத்தலாக ஏற்று, ஜேன் கோல்ட் என்பவரை மணந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1511-இல் ஜேன் இறந்ததும், ஆலிஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார். மடத்தை விட்டு வந்தாலும் மடத்தின் செபத்தை அவர் விடவில்லை. உள்ளே மயிராடை அணிந்து, வெளியே வழக்கறிஞரின் அங்கியோடு நீதிமன்றம் சென்றார்.

அவர் தேர்ந்த துறை எது? இலண்டன் அன்று வளர்ந்துவந்த வணிக நகரம். துணி வணிகர்களின் சங்கம் செல்வாக்கு மிக்கது. 1509-ஆம் ஆண்டு அச்சங்கம் மோரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரின் பிரதிநிதியோடு வணிகர்கள் பேச்சு நடத்தியபோது அவர்கள் சார்பாக இலத்தீனில் பேசியவர் மோர். ஒருமுறை திருத்தந்தைக்குரிய கப்பல் ஒன்றை சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அரசர் பறிமுதல் செய்ய முனைந்தார். திருத்தந்தையின் தரப்பில் வாதாடிய மோர், அரசருக்கு எதிராகவே வென்று கப்பலை மீட்டுக்கொடுத்தார். தமக்கு எதிராக வாதாடியவரைத் தம் பணிக்கே அழைக்க அரசர் விரும்பினாராம். இங்கிலாந்தின் முக்கிய வழக்குகளில் இரு தரப்பில் ஏதாவது ஒன்றுக்கு மோர் வழக்கறிஞராக இல்லாதது அரிது என்று அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதுகிறார். அவர் தரும் கணக்கின்படி, மோரின் ஆண்டு வருமானம் சுமார் 400 பவுண்டு. அக்காலத்தில் அது பெருந்தொகை. அதையும் மனச்சான்றுக்குக் குறை வராமல் ஈட்டினார் என்பதை ரோப்பர் சேர்த்தே சொல்கிறார்.

மனச்சான்றுக்குக் குறை வராமல் எப்படிச் சம்பாதித்தார்? எராஸ்மஸ் சில செய்திகளைத் தருகிறார். தம்மிடம் வந்தவர்களிடம் முதலில் சமாதானமாகப் போகும்படி மோர் சொல்வார். வழக்கு நீண்டால்தான் வழக்கறிஞருக்கு வருமானம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சமாதானத்துக்கு இணங்காதவர்களுக்கு, மிகக் குறைந்த செலவில் வழக்கை நடத்தும் வழியைக் காட்டுவார். 1510-ஆம் ஆண்டு முதல் இலண்டனின் துணை ஷெரிப்பாக இருந்து, வியாழக்கிழமைகளில் எளிய மக்களின் வழக்குகளை விசாரித்தார். வழக்காளிகள் நீதிபதிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பலமுறை வேண்டாம் என்று விட்டுவிட்டார். நகர மக்கள் அவரை நேசித்ததில் வியப்பில்லை.

மற்றொரு நிகழ்வு இன்னும் ஆழமானது. 1515-இல் அரசரின் தூதராக பிளாண்டர்ஸ் சென்று திரும்பியபின், அரசர் அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தர முன்வந்தார். மோர் அதை ஏற்கவில்லை. நகர மக்களுக்கும் அரசருக்கும் ஒரு சிக்கல் வந்தால், அரசரிடம் பணம் வாங்குபவர் நடுநிலையாக இருப்பாரா என்று மக்கள் ஐயப்படுவார்களே என்பது அவர் காரணம். பின்னர் அரசரின் ஆலோசனை அவையில் சேர்ந்தபோது, 1518-இல் நகரப் பதவியை விட்டு விலகினார்.

1529-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தின் சான்சலர் ஆனார். பெரும்பாலும் ஆயர்கள் வகித்துவந்த பதவி அது. ஏட்டுச் சட்டம் கைவிட்டவர்கள் நியாயம் தேடி வரும் நீதிமன்றம் சான்சலருடையது. நாள்தோறும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தம் இருக்கைக்குப் போகும் முன், மற்றொரு மன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்த வயதான தந்தையின் முன் முழந்தாளிட்டு ஆசீர் பெறுவார். தேங்கிக் கிடந்த வழக்குகளை அவர் விரைந்து முடித்ததால், ஒருநாள் அடுத்த வழக்கைக் கேட்டபோது ஒன்றும் மீதியில்லை என்று பதில் வந்ததாம்.

மாமனார் சான்சலர் என்பதால் தமக்கு ஆதாயம் ஏதும் இல்லையே என்று ஒரு மருமகன் குறைப்பட்டார். நண்பர்களுக்கு வேறு வகையில் உதவலாம், ஆனால் தீர்ப்பு என்று வந்தால், ஒருபுறம் தம் தந்தையும் மறுபுறம் சாத்தானும் நின்றாலும், நியாயம் சாத்தான் பக்கம் இருந்தால் அதற்கே தீர்ப்பளிப்பதாக மோர் விளக்கினார். இன்னொரு மருமகன் மாமனாரை நம்பி வழக்கில் பிடிவாதம் பிடித்தபோது, அவருக்கு எதிராகவே தீர்ப்பும் சொன்னார். ஒரு கைம்பெண் புத்தாண்டு அன்பளிப்பாகக் கையுறைகளுக்குள் 40 பவுண்டு வைத்துக் கொடுத்தார். ஒரு பெண் தரும் பரிசை மறுப்பது பண்பாகாது என்று கையுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தந்தார்.

புனிதரின் வாழ்வில் நமக்கு நெருடலாக இருக்கும் பகுதியையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் சான்சலராக இருந்த காலத்தில் ஆறு பேர் திரிபுக்கொள்கையினர் என்று எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் சிலருடைய வழக்கில் மோருக்கும் நேரடிப் பங்கு இருந்தது. அது அக்காலச் சட்டம் என்றாலும், நம் மனம் இன்று அதை ஏற்பதில்லை. புனிதர்களும் தங்கள் காலத்தின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களே.

அரசர் எட்டாம் ஹென்றி தம் மனைவி கேத்தரினை விலக்கி, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று நிலைநாட்ட முனைந்தார். 1532 மே 16 அன்று மோர் பதவி விலகினார். பெரும் வருமானம் ஒரே நாளில் நின்றது. ஆண்டுக்கு 100 பவுண்டுக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. குடும்பத்தைக் கூட்டிப் பேசினார். முதலில் சட்டக்கழகத்து உணவு, பிறகு அதைவிடக் குறைவாக ஆக்ஸ்போர்டு மாணவர் உணவு, அதுவும் முடியாவிட்டால் வீடுவீடாகச் சென்று மாதா பாடல் பாடிப் பிச்சை எடுக்கலாம் என்று சிரித்தபடி சொன்னார். அவர் திருச்சபைக்காக எழுதிய நூல்களுக்கு நன்றியாக ஆயர்கள் பெருந்தொகை திரட்டித் தந்தபோது, அதையும் வாங்க மறுத்தார்.

எதிரிகள் அவர்மேல் கையூட்டுக் குற்றம் சுமத்த வழி தேடினார்கள். வழக்காளி ஒருவரின் மனைவியிடமிருந்து தங்க முலாம் பூசிய கிண்ணத்தைப் பெற்றார் என்று ஒரு புகார் எழுந்தது. பெற்றது உண்மைதான் என்று மோர் ஒத்துக்கொண்டதும் எதிரிகள் மகிழ்ந்தார்கள். அதில் திராட்சை இரசம் ஊற்றி அப்பெண்ணின் நலனுக்காகப் பருகிவிட்டு, அப்போதே அதை அவரிடமே திருப்பித் தந்ததை அவர் விளக்கியதும் வாயடைத்துப் போனார்கள். எத்தனையோ ஆண்டு நீதித்துறையில் இருந்தவரிடம் அவர்களால் ஒரு கறையைக் காண முடியவில்லை.

1534 ஏப்ரலில் அரசரின் ஆணைப்படி உறுதிமொழி எடுக்க மறுத்ததால் அவர் இலண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். அவருடைய உணவுக்கு வாரம் 15 ஷில்லிங் கட்ட, மனைவி ஆலிஸ் தம் உடைகளை விற்க வேண்டியதாயிற்று. மறுப்புக்கான காரணத்தை மோர் வெளியில் சொல்லவில்லை. மௌனத்தைச் சட்டம் சம்மதமாகவே கொள்ள வேண்டும் என்று, கற்ற சட்டத்தைக் கொண்டே வாதாடினார். ரிச்சர்ட் ரிச் என்னும் அரசு வழக்கறிஞர் சொன்ன சாட்சியத்தைப் பொய் என்று மறுத்தும், அதைக் கொண்டே தீர்ப்பு எழுதப்பட்டது. 1535 ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 1935-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தார். ஜூன் 22 அவருடைய திருவிழா.

அன்பர்களே, மோர் வருமானத்தை வெறுத்தவர் அல்ல. பணக்கார வணிகர்களின் வழக்குகளை எடுத்தார், பெரிய வீடு கட்டினார், மகள்களுக்கு மகனுக்கு நிகரான கல்வி தந்தார். ஆனால் வாங்கக்கூடாத பணத்தை அவர் தொடக்கத்திலிருந்தே வாங்காமல் பழகியிருந்தார். வியாழக்கிழமைக் கட்டணத்தை விட்டவருக்கு அரசரின் உதவித்தொகையை விட முடிந்தது. அதை விட்டவருக்குப் பதவியை விட முடிந்தது. கடைசியில் உயிரையும் விட முடிந்தது. ஒரே நாளில் வந்த துணிவல்ல அது.

நம் பிள்ளைகள் எந்தத் துறையைத் தேர்ந்தாலும், வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் இருக்குமா என்று சேர்த்தே கேட்கச் சொல்வோம். வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் பணிபுரியும் நம் பங்கு மக்களுக்காகவும், இன்னும் எந்தத் துறை என்று முடிவெடுக்காத நம் இளையோருக்காகவும் புனித தாமஸ் மோர் வழியாகச் செபிப்போம்.