ஆட்டோக்காரரிடம் 'கலாக்ஷேத்ரா'னு சொல்றோமே... அந்த இடத்தை உருவாக்கிய ருக்மிணி தேவி யார் தெரியுமா?

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போயிருக்கீங்களா? பீச்சுக்கு ஆட்டோ புக் பண்ணியிருப்பீங்க. 'கலாக்ஷேத்ரா காலனி'னு அட்ரஸ் டைப் பண்ணி பிரியாணி ஆர்டர் பண்ணியிருப்பீங்க. அந்தப் பக்கம் நீளமான ஒரு காம்பவுண்டு சுவர், அதற்குள் காடு மாதிரி மரங்கள். உள்ளே என்னதான் இருக்குனு ஒருநாளாவது யோசிச்சிருக்கீங்களா?

சுமார் 100 ஏக்கரில் ஒரு கலைப்பள்ளி, ஓர் அரங்கம், ஒரு நெசவுக்கூடம். எல்லாவற்றையும் உருவாக்கியவர் ஒரு பெண். 1904, பிப்ரவரி 29-ம் தேதி மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. ஆமாங்க, நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்!

ஊரையே பேசவைத்த கல்யாணம்

அப்பா நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித்துறை இன்ஜினீயர். அம்மா சேஷம்மாள், இசைமீது ஆர்வம் கொண்டவர். அன்னி பெசன்ட் தலைமையில் இருந்த பிரம்மஞான சபையின்மீது அப்பாவுக்கு ஈடுபாடு அதிகம். ஓய்வுபெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறில், சபைக்குப் பக்கத்திலேயே குடியேறினார்.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேலைச் சந்தித்தார் ருக்மிணி. ஆங்கிலேயர், கல்வியாளர், பெசன்ட்டுக்கு நெருக்கமானவர். 1920-ல் இருவருக்கும் திருமணம். அவருக்கு 41 வயது, இவருக்கு 16. இன்னிக்கு நமக்கு அந்த வயசுதான் உறுத்தும். அன்றைய மெட்ராஸை அதிரவைத்தது இன்னொரு விஷயம்... ஒரு பிராமணப் பெண் வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டது! எதிர்ப்பு பலமாக இருந்ததால் திருமணம் பம்பாயில் நடந்தது. ஊர் பேச்சுக்கு நடுவே வாழப் பழகியது அப்போதுதான். அந்தப் பழக்கம் பின்னாடி ரொம்ப உதவப்போகிறது.

கப்பலில் கிடைத்த தோழி

கணவரோடு நாடு நாடாகச் சுற்றினார் ருக்மிணி. 1920-களின் கடைசியில், உலகப் புகழ்பெற்ற ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்து மயங்கிப்போனார். பிறகு ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் சேர்ந்து பயணிக்க, நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் ருக்மிணி பாலேகூடக் கற்றார். ஆனால், உன் நாட்டு நடனத்தைத் தேடிப் பார் என்று திசைகாட்டியதும் பாவ்லோவாதான்.

அந்த நடனம் அப்போது எந்த நிலையில் இருந்தது தெரியுமா?

மேடை இழந்த நடனம்

இன்று நாம் பரதநாட்டியம் என்று சொல்வதை அன்று 'சதிர்' என்பார்கள். கோயில், அரண்மனை, பெரிய வீட்டுக் கல்யாணங்கள்... இவைதான் அதன் மேடைகள். ஆடியவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். கற்றுக்கொடுத்தவர்கள் நட்டுவனார்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உள்ளிட்டோர் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அதோடு சேர்ந்து நடனமே கேவலம் என்கிற எண்ணமும் பரவியது. அழைப்புகள் குறைந்தன. கலை இருந்தது, ஆடத்தான் இடமில்லை. வழக்கறிஞர் ஈ.கிருஷ்ண ஐயர் போன்ற சிலர்தான் அதைக் காப்பாற்றப் போராடினார்கள்.

1933-ல் மியூசிக் அகாடமியில் சதிர் பார்த்தார் ருக்மிணி. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். நம்ம ஊர்ல அரங்கேற்றம்னா பத்து, பன்னிரண்டு வயசுனு நினைப்போம். இவர் 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறியபோது வயது 31. திருமணமான, 'பெரிய இடத்து'ப் பெண் பொது மேடையில் ஆடுவதா என்று மறுபடியும் ஊர் பேசியது. அவர்தான் ஏற்கெனவே பழகியவராச்சே!

மரத்தடியில் ஒரு பள்ளி

ஆடினோம், கைதட்டல் வாங்கினோம் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1936 ஜனவரியில், அடையாறின் மரநிழலில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஒரு நகரத்தில் கலை பிழைக்கணும்னா நல்ல கலைஞர் மட்டும் போதாது. கற்க, ஒத்திகை பார்க்க, ஆட, பார்க்க நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அங்கே பாடம் நடத்தியவர்களின் பட்டியலைப் பாருங்க. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சார், பாபநாசம் சிவன்... நடனத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும். கதகளிக்கு கேரளத்திலிருந்து ஆசான்கள். நடனம் கற்கும் பிள்ளைக்கு இசையும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. உடை, விளக்கு, மேடை அமைப்பு என ஒவ்வொன்றையும் ருக்மிணி புதிதாக யோசித்தார். 'குற்றாலக் குறவஞ்சி'யில் தொடங்கி ராமாயணம் வரை நாட்டிய நாடகங்களாக மேடையேறின.

1945-ல் கணவர் இறந்தார். சில வருடங்களில், சபையின் இடத்தைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடியும் வந்தது. இன்னொருவராக இருந்தால் பள்ளியை மூடியிருப்பார். இவர் திருவான்மியூரில் நிலம் வாங்கினார். அன்று அது கடலோர மணல்வெளி. அங்கே மரங்கள் நட்டு, கட்டடங்கள் எழுப்பி, 1962-ல் பள்ளியை இடம்மாற்றினார். இன்னிக்கு அந்தப் பக்கம் போனா ஏ.சி போட்ட மாதிரி இருக்கே, அந்த நிழலின் கதை இதுதான்.

ஊருக்கு என்ன லாபம்?

டான்ஸ் ஆடுறவங்களுக்குத்தானே அந்த இடம், நமக்கு என்ன என்கிறீர்களா? அம்மாவின் பீரோவில் அகலக் கரை வைத்த 'கலாக்ஷேத்ரா சேலை' இருக்கிறதா பாருங்கள். பழைய நெசவு டிசைன்களை மீட்க அவர் தொடங்கிய தறிக்கூடத்தின் கொடை அது. தமிழ்த்தாத்தா உ.வே.சா தேடித்தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகள், அவர் மறைவுக்குப் பிறகு 1943-ல் நூலகமாக மாறவும் ருக்மிணி துணைநின்றார். பெசன்ட் நகர் அருண்டேல் பீச் ரோட்டில் அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. கேரளக் கோயில்களின் கூத்தம்பலப் பாணியில் எழுந்த கலாக்ஷேத்ரா அரங்கமோ மார்கழி சீசனின் முக்கிய முகவரி.

மாநிலங்களவைக்கு 1952-லும் 1956-லும் நியமிக்கப்பட்டார். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்காக அங்கே குரல் கொடுத்து, 1960-ல் அது நிறைவேறக் காரணமானார். 1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார். வேண்டாம் என்றுவிட்டார் ருக்மிணி!

கைதட்டலுக்கு நடுவே ஒரு கேள்வி

இந்தக் கதையை இதோடு முடித்தால் அது பாதிக் கதைதான். சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பங்களின் பெண்கள் என்ன ஆனார்கள்? நட்டுவனார்கள் புதிய பள்ளிகளில் ஆசான்கள் ஆனார்கள். ஆனால், அந்த வீட்டுப் பெண்களில் பலருக்குப் புதிய மேடையில் இடம் கிடைக்கவில்லை. அந்த மரபில் வந்த மாமேதை பாலசரஸ்வதி, நடனத்தின் சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, 'சுத்தம்' செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்று வாதிட்டவர். பக்தியை முன்னிறுத்திய ருக்மிணியின் பார்வை வேறு. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ருக்மிணி எழுப்பிய மேடையால்தான் பரதம் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது என்பது உண்மை. அந்த மேடைக்கு எல்லோராலும் ஏற முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

1986, பிப்ரவரி 24-ம் தேதி காலமானார் ருக்மிணி தேவி. 82-வது வயதை எட்ட சில நாள்களே இருந்தன. 1993-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது.

அடுத்த மார்கழியில் ஒரு மாலை ஃப்ரீயா இருந்தா, பீச்சுக்குப் போற வழியில அந்த கேட்டுக்குள்ள நுழைஞ்சு ஒரு நிகழ்ச்சி பாருங்க. பரதம் புரியலைன்னாலும் பரவாயில்லை. உங்க அட்ரஸ்ல இருக்கிற பேருக்குள்ள என்ன நடக்குதுனு தெரியும்!