சாதகத்தில் விளைந்த குரல்

சங்கீதம் என்றாலே கருநாடக சங்கீதம்தான் என்று எண்ணி வளர்ந்த நம்மில் பலருக்கு, புனே நகருக்குப் படிக்க வந்த பிறகே வடநாட்டு இசை காதில் விழுகிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் இங்கு நடைபெறும் சவாய் கந்தர்வர் இசைவிழாவுக்கு நானும் இருமுறை சென்றிருக்கிறேன். அங்கே முதியவர்கள் பேச்சுக்கிடையில் ஒரு பெயரைச் சொல்லும்போது தம் காதைத் தொட்டுக்கொள்கிறார்கள். உஸ்தாத் அப்துல் கரீம் கான் என்பது அந்தப் பெயர். அது கடவுள் கொடுத்த குரல் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தும் விடுகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குத் தடை எழுகிறது. கொடுத்தது கடவுளாகவே இருக்கட்டும். அதைப் பெற்றுக்கொள்வதற்கு அந்த மனிதர் பட்ட பாடு கணக்கில் வர வேண்டாமா?

கான் சாகிப் 1872-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் யமுனைக்கு அருகிலுள்ள கைரானா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரின் பெயராலேயே அவருடைய இசைமரபு கிரானா கரானா என்று வழங்குகிறது. கரானா என்பது நாம் பாணி என்கிறோமே, அதற்கு நெருங்கியது. தந்தை காலே கானும் சிறிய தந்தை அப்துல்லா கானும் அவருக்கு ஆசிரியர்கள். வாய்ப்பாட்டோடு வீணை, சிதார், தபலா ஆகியவற்றையும் சிறுவன் கற்றான். இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது சாரங்கியை. அவர் முதலில் சாரங்கி வாசித்தவர் என்றும், சாரங்கிக்காரருக்கு அக்காலத்தில் மதிப்புக் குறைவாக இருந்ததால் பாட்டுக்கு மாறினார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அந்த வாத்தியத்தைப் பழகியவர் என்பதில் ஐயமில்லை. வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கள் சாரங்கியில் இல்லை. ஸ்வரம் இருக்கும் இடத்தைக் கண் காட்டாது. நகத்தின் ஓரத்தால் தந்தியைத் தொட்டுக்கொண்டே, காதுதான் தேடிப் பிடிக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் அபஸ்வரம். இப்படிப் பழக்கப்பட்ட ஒரு காது, பிறகு ஒரு தொண்டைக்குக் காவலாக அமர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே ரியாஸ் என்பதை நாம் சாதகம் என்கிறோம். கிரானா மரபினர் சாதகத்தில் மந்தர ஸ்தாயிக்கே முதலிடம் தருவார்கள். விடியற்காலையில் தம்பூராவை மீட்டிக்கொண்டு, கீழ்ச் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை நிறுத்தி வைப்பது. மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே ஸ்வரம். வெளியிலிருந்து கேட்பவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும்.

பௌதிகம் படிப்பவன் ஆதலால், இதை என் பாடத்தின் வழியே விளக்க அனுமதியுங்கள். சுரமானியின் கம்பியை இசைக்கவையோடு ஒத்திசைக்கும் சோதனையை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். கவை நொடிக்கு 256 தடவையும் கம்பி 258 தடவையும் அதிர்ந்தால், இரண்டும் சேர்ந்த ஒலி நொடிக்கு இருமுறை பெருகித் தணியும். விம்மல் என்று நாம் படிப்பது இதைத்தான். கம்பியைச் சற்றே தளர்த்தினால் விம்மல் மெதுவாகும், பிறகு அடங்கிவிடும். தம்பூராவுடன் அமர்ந்து பாடுகிறவர் செய்வதும் இதே சோதனைதான். கம்பிக்குப் பதிலாகத் தொண்டை. குரல் சிறிது விலகினாலும் ஒரு கரகரப்பு எழுகிறது. சேர்ந்ததும் அது கரைந்து போகிறது. புதிதாகப் பயில்பவனுக்குப் பெரிய விலகல் மட்டுமே காதில் படும். நாள்தோறும் கேட்கக் கேட்க, முன்பு கேட்காத சிறு விலகலும் கேட்கத் தொடங்கும். ஆயிரம் தடவை பாடினால் பாட்டு வந்துவிடும் என்று சொல்கிறோம். காதை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை பாடினால் தவறுதான் கெட்டிப்படும். கான் சாகிபின் சாதகத்தில் பாடியதைப் போலவே கேட்டதும் பெரும்பங்கு. தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதிலும், வாத்தியங்களைத் தாமே பழுதுபார்ப்பதிலும் அவர் கைதேர்ந்தவராக இருந்தது தற்செயல் அன்று.

அந்தக் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சான்று உண்டு. சாங்கலியைச் சேர்ந்த கிருஷ்ணாஜி பல்லாள் தேவல் என்பவரும், ஐ.சி.எஸ். அதிகாரியான கிளெமெண்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் இசையின் 22 சுருதிகளை அளந்து கணக்கிட முயன்றார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் துணை நின்றது கான் சாகிபின் குரல். சோதனைச்சாலையில் இசைக்கவை செய்யும் வேலையை ஒரு மனிதத் தொண்டை செய்திருக்கிறது!

அவருடைய இளமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம்பி அப்துல் ஹக்குடன் பரோடா சென்று அரசவைப் பாடகரானார். அங்கே அரச குடும்பத்தோடு உறவுடைய சர்தார் ஒருவரின் மகளான தாராபாய் மானேயைக் காதலித்து மணந்தார். அதன் விளைவாக இருவரும் பரோடாவைவிட்டு வெளியேற நேர்ந்தது.

1913-ல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்ற பள்ளியை நிறுவினார். கரானாவின் வித்தையைக் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்த உஸ்தாதுகள் பலர் இருந்த காலம் அது. கான் சாகிபோ வந்தவருக்கெல்லாம் கற்பித்தார். குரல் இரத்தத்தில் வருவது என்று அவர் நம்பியிருந்தால், இப்படி ஒரு பள்ளியைத் திறந்திருப்பாரா?

அவருடைய மாணவருள் தலைசிறந்தவர் தார்வாடுப் பக்கத்துக் குந்தகோல் ஊரைச் சேர்ந்த ராம்பாவ். இசைக் குடும்பத்துப் பிள்ளை அல்லர். சிறு வயதில் இனிமையாக இருந்த அவருடைய குரல், பருவம் வந்ததும் உடைந்து கரடுமுரடாகிவிட்டது. குறைந்தது எட்டு ஆண்டுகள் தம்மிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கான் சாகிப் அவரை ஏற்றுக்கொண்டார். எட்டு ஆண்டு! நாம் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இரண்டையும் முடித்து, மேலும் மூன்று ஆண்டு ஆராய்ச்சியும் செய்து விடலாம். அந்த உடைந்த குரலைத்தான் மராத்திய நாடக ரசிகர்கள் பின்னாளில் சவாய் கந்தர்வர் என்று பட்டமிட்டு அழைத்தார்கள். இரத்தத்தில் வருவது என்று வாதிடும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்லுவது இவர் கதையைத்தான். இவருடைய மாணவர் பீம்சேன் ஜோஷியும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனே. கான் சாகிபின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, அப்படிப் பாடக் கற்க வேண்டும் என்று 1933-ல், பதினொரு வயதில், வீட்டைவிட்டு ஓடியவர். அவர்தாம் தம் குருவின் நினைவாக 1953-ல் புனே விழாவைத் தொடங்கினார்.

தமிழராகிய நமக்கு இன்னொரு செய்தி. மைசூர் அரசவைக்கு அழைக்கப்பட்ட கான் சாகிப் அங்கே கருநாடக வித்வான்களைக் கேட்டார். புகழ் பெற்ற உஸ்தாத், கேட்டுப் பாராட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் மறுபடியும் மாணவரானார். நம்மவர் கல்பனாஸ்வரம் பாடும் முறை அவரைக் கவர, ஸ்வரங்களின் பெயரைச் சொல்லி வேகமாகப் பாடும் சர்கத்தைத் தம் கச்சேரியில் வளர்த்துக்கொண்டார். தியாகராஜரின் கரஹரப்பிரியா கீர்த்தனை ஒன்றைக் கற்று, இசைத்தட்டிலும் பாடினார். அவருடைய தெலுங்கு உச்சரிப்பைக் கேட்டு நம்மவர் புன்னகை செய்யலாம். ஆயினும் சுருதியைக் கேட்ட பிறகு அந்தப் புன்னகை நிற்காது. சென்னையில் வீணை தனம்மாளின் வீட்டில் அமர்ந்து அவர் மெய்ம்மறந்து கேட்டதாகவும் சொல்வார்கள். இரு சங்கீதங்களுக்கும் இடையே சுவர் உண்டு என்று இங்கும் அங்கும் இன்றுகூடப் பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது.

அந்த இசைத்தட்டுக்களை இன்று இணையத்திலேயே கேட்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். கணீரென்ற குரலை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே. மெலிந்த, மேல் ஸ்தாயியை நாடும் குரல், அடித்துப் பேசாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நூல் அறாமல் செல்லும். சென்ற இடத்தில் அசையாமல் நிற்கும்.

1922-ல் தாராபாய் குழந்தைகளுடன் அவரைப் பிரிந்தார். கான் சாகிப் மிரஜ் நகருக்குச் சென்று குடியேறினார். இந்தத் துயரத்தால்தான் அவர் இசையில் உருக்கம் வந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அது முழுதும் ஏற்புடையதாக இல்லை. துயரம் யாருக்குத்தான் வரவில்லை? வந்த துயரத்தை ஒரு காந்தாரத்தில் வைத்துக் காட்டுவதற்கு, அதற்கு முன்பே அந்தக் காந்தாரம் கைவசமாகியிருக்க வேண்டும். தாயோடு சென்ற குழந்தைகளும் பாடகர்களானார்கள். சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் பரோடேகர், சரஸ்வதி ராணே ஆகிய பெயர்களைப் புனேயின் இசை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

1937 அக்டோபரில் கான் சாகிப் மீண்டும் சென்னை வந்திருந்தார். அங்கிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் புறப்பட்டார். வழியில் மார்பு வலித்தது. செங்கற்பட்டுக்குச் சற்று முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துபோகும் சிறிய நிலையம்தான். நடைமேடையில் விரிப்பைப் போட்டு, தொழுகை முடித்து, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடியபடியே உயிர் நீத்தார் என்று அவர் சீடர் மரபில் சொல்கிறார்கள். அன்று அக்டோபர் 27. அறுபத்தைந்து வயது நிறைய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. உடலை மிரஜுக்குக் கொண்டு சென்று, மீரா சாகிப் தர்காவில் அடக்கம் செய்தார்கள். புனேயிலிருந்து மிரஜ் செல்ல ரயிலில் சில மணி நேரமே ஆகிறது. தம்பூரா செய்வதற்குப் பெயர்போன ஊர் அது. அவர் நினைவாக ஆண்டுதோறும் அங்கே பாடகர்கள் கூடிப் பாடுகிறார்கள்.