லாச்சிக்குள் வைக்காத எழுத்து: அறிஞர் சித்தி லெப்பையின் வாழ்விலிருந்து

ஒவ்வொரு வருடமும் தமிழ்மொழித் தினப் போட்டி பற்றிய அறிவித்தல் பாடசாலைக்கு வரும். கவிதை, சிறுகதை, கட்டுரை என்று பிரிவுகள் பல இருக்கும். பெயர் கொடுக்க வருபவர்களோ சிலர்தான். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதி வைத்திருக்கும் மாணவியர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். தெரிவு செய்யப்படாவிட்டால் தோழியர் சிரிப்பார்களோ, ஆசிரியை பிழை பிடிப்பாரோ, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தில் அந்தப் பக்கங்கள் மூடியே கிடக்கின்றன.

தாம் எழுதியதை அப்படி மூடி வைக்காத ஒருவர் நமது கண்டி நகரிலேயே பிறந்து வாழ்ந்தார். அவர்தான் அறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை. பாடப் புத்தகங்களில் அவரை ஒரு கல்விமானாக அறிகிறோம். எழுதியதை ஊரறிய முன்வைக்கும் துணிவுக்கும் அவரது வாழ்க்கை நல்ல உதாரணமாகும்.

அவர் 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தரணியானவர். மகனும் தந்தையின் வழியில் சென்று 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும், 1864இல் உயர் நீதிமன்றத்திலும் சட்டத்தரணியானார். அரபு, தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளை அறிந்திருந்தார். கண்டி மாநகர சபையில் அங்கத்துவம் வகித்தார். நீதவானாகவும் பதில் கடமை பார்த்தார். பதவியும் வருமானமும் மரியாதையும் ஒருங்கே கிடைத்த மனிதர் அவர். பேனாவைத் தொடாமலே இருந்திருந்தால் எந்த விமர்சனமும் இல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

ஆனால் அவர் தம் சமூகத்தின் நிலையைக் கண்டு கவலைப்பட்டார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. பிள்ளைகளின் மார்க்கம் போய்விடுமோ என்ற அச்சத்தில் பெற்றோர் அவர்களை அங்கு அனுப்பத் தயங்கினர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதனால் சமூகம் பின்தங்கியது. மார்க்கத்தை விடாமலே நவீனக் கல்வியையும் பெற முடியும் என்று அவர் நம்பினார். அதை ஊருக்குச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும் என்று முடிவு செய்தார்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி ‘முஸ்லிம் நேசன்’ வெளிவந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காக அரபுத் தமிழிலும் அதில் விடயங்கள் இடம்பெற்றன. பத்திரிகை நடத்துவதென்றால் வாரந்தோறும் தன் எண்ணத்தைப் பலர் முன்னால் வைத்து அவர்களது தீர்ப்புக்குக் காத்திருப்பதாகும். பாராட்டியவர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். எதிர்ப்புக்காக அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

அவரது மிகப் பெரிய துணிவு 1885இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டில் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். அன்று தமிழ் முஸ்லிம்களிடையே இலக்கியம் என்றால் பெரும்பாலும் செய்யுள்தான். காப்பியம், கிஸ்ஸா, முனாஜாத், மசலா போன்றவற்றையே புலவர்கள் பாடினர். மக்களும் அவற்றையே ராகமாகப் படித்துக் கேட்டனர். உரைநடையில் நீண்ட கதை எழுதுவது தமிழுக்கே புதிது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையில் முன்மாதிரி என்று காட்ட ஒரு நாவலும் இருக்கவில்லை.

எகிப்தில் உயர்குடியில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, பல இன்னல்களைக் கடந்து தன் பிறப்பை அறியும் அசன் என்ற இளைஞனின் கதை அது. இன்றைய வாசகர் அதில் குறைகள் காணலாம். தற்செயலான சந்திப்புகள் அதிகம். நீதி போதனை கதையை இடைமறிக்கும். குறையில்லாமல் எழுதும் நாள் வரட்டும் என்று சித்தி லெப்பை அவர்கள் அதை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தால், இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்ற பெருமை கண்டிக்குக் கிடைத்திருக்காது. அவருக்குப் பின்வந்தவர்கள் அதைவிடச் சிறப்பான நாவல்களை எழுதினார்கள். முதலாவது ஒன்று கண்முன்னால் இருந்ததும் அதற்கு உதவியது.

எழுதியதைச் சபையில் வைப்பது ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அரேபியாவில் தாயிஃபுக்கு அருகே உக்காழ் சந்தை கூடும்போது கவிஞர்களுக்கிடையே போட்டி நடப்பது வழக்கம். நாபிகா என்ற முதுபெரும் கவிஞர் அங்கு நடுவராக அமர்ந்திருப்பார். அந்தச் சபையில் தம் சகோதரர் ஸக்ரை நினைத்துப் பாடிய இரங்கற் கவிதைகளுடன் கன்ஸா என்ற பெண் கவிஞர் எழுந்து நின்றார் என்றும், நாபிகா அவரை வெகுவாகப் புகழ்ந்தார் என்றும் அரபு இலக்கிய வரலாறு கூறும். பின்னர் அவர் இஸ்லாத்தை ஏற்று ஸஹாபிப் பெண்மணியானார். ஆகவே கவிதைப் போட்டியில் ஒரு பெண் கலந்துகொள்வது நமது மரபுக்குப் புதிதல்ல.

பெண்கள் எழுத வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டும் என்பதைச் சித்தி லெப்பை அவர்கள் அறிந்திருந்தார். 1884இல் கொழும்பில் ஆண் பிள்ளைகளுக்கான மத்ரஸாவை ஏற்படுத்த முன்னின்றார். எகிப்திலிருந்து இங்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் அவரது முயற்சிகளுக்குக் கிடைத்தது. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்துக்கு இந்த முயற்சிகளே வழிவகுத்தன. பின்னர் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை தொடங்கினார். பெண் பிள்ளையைப் படிக்க வெளியே அனுப்புவதே பெரிய காரியமாகக் கருதப்பட்ட காலம் அது. வேண்டிய பாடநூல்கள் இல்லாதபோது தாமே எழுதினார். இன்று நாம் வெள்ளைச் சீருடையுடன் பாடசாலை வாசலில் இறங்குவதற்குப் பின்னால் அவர் பட்ட சிரமமும் இருக்கிறது.

1892இல் ‘ஞானதீபம்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 1897இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற ஞான நூலை வெளியிட்டார். அடுத்த வருடம், 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, இறையடி சேர்ந்தார். அறுபது வயதைத் தொடாத ஒருவர் இவ்வளவும் செய்தார். வாழ்வின் கடைசி வருடத்திலும் புதிய எழுத்து ஒன்றை மக்கள் முன் வைத்துவிட்டே சென்றார்.

இதில் பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. மகள் எழுதிய கவிதையைக் கொண்டுவந்து காட்டும்போது, பரீட்சைக்குப் படிக்காமல் இது என்ன வேலை என்று முகத்தைத் திருப்பினால் அவள் மறுமுறை காட்டமாட்டாள். பரிசு கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னர் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். போட்டிக்குப் போய் வெறுங்கையோடு வந்தாலும் அதே முகத்தோடு வரவேற்றுக்கொள்ளுங்கள்.

மாணவியரே, கோட்ட மட்டத்தில் தெரிவாகாத கட்டுரையும் வீணாவதில்லை. அதைத் திருத்தி எழுதும்போது அடுத்த வருடக் கட்டுரை பிறக்கும். சித்தி லெப்பை அவர்களின் நாவலுக்கு எந்த நடுவரும் பரிசளிக்கவில்லை. வாசகர்களே அதன் நடுவர்கள். நமக்கோ மேடையும் நடுவரும் வழிகாட்டும் ஆசிரியரும் வாய்த்திருக்கிறார்கள். இந்த முறை அறிவித்தல் வந்ததும் கொப்பியைத் திறந்து, அந்தக் கடைசிப் பக்கத்துக் கவிதையைத் தனித்தாளில் அழகாக எழுதி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெயரைக் கொடுங்கள்.

அன்னாரின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.