வி.ஆர். ஹெட்செட்டின் கொள்ளுத்தாத்தா: யார் இந்த வீட்ஸ்டோன்?

வி.ஆர். ஹெட்செட் மாட்டிப் பார்த்திருக்கீங்களா? உள்ளே நடப்பது ரொம்ப எளிமையான வேலைதான். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம். மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து, இல்லாத ஆழத்தை இருப்பதுபோல் காட்டிவிடுகிறது.

இதை 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விளக்கியவர் சார்ல்ஸ் வீட்ஸ்டோன்.

பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இயற்பியல் பாடத்தில் வரும் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் இவர் பெயரில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மின்சுற்றை முதலில் உருவாக்கியவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் அதைப் பிரபலமாக்கினார், அவ்வளவுதான். அவர் உண்மையிலேயே கண்டுபிடித்த கருவியோ வேறொருவர் கைபட்டுத்தான் வீடுகளுக்குள் போனது.

1802இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் அருகே பிறந்தவர். குடும்பத் தொழில் இசைக்கருவி. கையில் பிடித்து வாசிக்கும் கான்செர்ட்டினா இவருடைய படைப்பு. 1834இல் கிங்ஸ் காலேஜ் லண்டனில் பேராசிரியர் ஆனார். 1837இல் வில்லியம் குக்குடன் சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மேடை என்றாலே கூச்சம்! இவருடைய ஆய்வுகளைப் பற்றி நண்பர் மைக்கேல் ஃபாரடே மேடையேறிப் பேசியிருக்கிறார்.

அவர் செய்த ஸ்டீரியோஸ்கோப் மேசைமேல் வைக்கும் கருவி. நடுவில் சாய்வாக இரண்டு கண்ணாடிகள், இரு பக்கமும் ஒவ்வொரு படம். சிக்கல் எங்கே? புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதனால் கனசதுரம், கூம்பு என்று கோட்டுப் படங்களை வைத்துத்தான் காட்ட முடிந்தது. இன்றைய மொழியில் சொன்னால், ஹார்ட்வேர் தயார், கன்டென்ட் இல்லை.

1849இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர், கண்ணாடிகளுக்குப் பதிலாக லென்ஸ் வைத்து அதைச் சின்னப் பெட்டியாக்கினார். பாரிஸில் ஜூல் டுபோஸ்க் அதைத் தயாரித்தார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணிக்கு அது பிடித்துப்போக, விற்பனை சூடுபிடித்தது. மகாராணி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் புகைப்படங்கள் வந்திருந்தன. எகிப்து, ஆல்ப்ஸ் மலை என்று போக முடியாத இடங்களையெல்லாம் மக்கள் வீட்டில் உட்கார்ந்தே பார்த்தார்கள்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. முதலில் கண்டுபிடித்தது வீட்ஸ்டோன் இல்லை என்று புரூஸ்டர் கிளப்ப, 1856இல் டைம்ஸ் நாளிதழில் இருவரும் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். மேடையில் பேசக் கூசிய மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று பெருமை வீட்ஸ்டோனுக்கே தரப்படுகிறது.

1861இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் பிடிக்கும் மலிவான மாடலை வடிவமைத்தார். காப்புரிமைகூட வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதும் அது பரவிய வேகமே வேறு.

இப்போது 2024க்கு வாங்க. ஆப்பிள் விஷன் புரோ அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் சிங்கப்பூருக்கும் வந்தது. தொழில்நுட்பம் அபாரம். ஆனால் விலை, எடை, பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி... எல்லாமே வீட்ஸ்டோன் காலத்துத் தலைவலிதான்.

வீட்ஸ்டோன் 1875இல் பாரிஸில் காலமானார். அவருடைய கண்ணாடிக் கருவி வரவேற்பறைகளில் இடம்பிடிக்கவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டில், வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் தயாரித்தவர்களின் மேசையில் அதே கண்ணாடி முறைதான் இருந்தது.