சிந்தாமணியும் சேலத்து முன்சீபும்

1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது உ. வே. சாமிநாதையருக்கு அகவை இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தவர். அந்தாதி, கலம்பகம், கோவை, தலபுராணம் என அவர் கற்றிருந்தவை மிகப்பல. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீபைக் காணச் சென்றார். அவரே சேலம் இராமசுவாமி முதலியார்.

படித்த நூல்களை ஐயர் அடுக்கிச் சொல்லியும் முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்றவர், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே விடை. புலமைச் செருக்குடைய வேறொருவராயின் மறுமுறை அவ்வீட்டு வாயிலை மிதித்திரார். ஐயரோ முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியோடு திரும்பினார். அதனைப் பாடஞ்சொல்லும் பொறுப்பையும் ஏற்றார்.

நூலைப் பிரித்தபின்தான் இடர் புலனாயிற்று. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கோட்பாட்டுச் சொற்கள் விளங்கவில்லை. சைவ மடத்துக் கல்வி அங்கே துணைசெய்யவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி பாராயண நூலாக வழங்கிவருவதை அறிந்து அவர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களைத் தெளிவித்தனர். காகிதத்தில் முடங்கிக் கிடந்த சொற்கள் அவ்வில்லங்களில் அன்றாட வழக்காக உயிரோடிருந்தன. சமண நெறியை அவர் உணர்ந்த அளவைக் கண்டு, அவரைப் பவ்விய ஜீவன் என அவ்வன்பர்கள் மதிக்கலாயினர்.

அச்சிடும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. ஊர்தோறும் ஏடு தேடினார். இருபதுக்கு மேற்பட்ட பிரதிகள் கிடைத்தன. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. மூலமும் உரையும் விரவிக் கிடந்தன. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்தார். உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் எந்நூலின என்று தேடப்புக்கதே பின்னாளில் சங்க நூல்களுக்கு அவரை இட்டுச்சென்ற வழி. பதிப்பாசிரியர் என்னும் தொழிலை அவருக்குக் கற்பித்த பள்ளி சிந்தாமணியே எனலாம். பொருள் முட்டுப்பாட்டுக்குக் கையொப்பம் திரட்டினார். விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத் தாள்களைத் திருத்தினார். சென்னையில் வழக்கறிஞராக அமர்ந்துவிட்ட முதலியார் அங்கே உறுதுணையாக நின்றார். 1887இல், கதைச் சுருக்கமும் திருத்தக்கதேவர் வரலாறும் சேர்ந்து, நூல் வெளிவந்தது.

அதன்பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளியாயின. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. எண்பதைக் கடந்தபின் 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்து, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார்.

சேலத்து முன்சீபோ 1892இலேயே, நாற்பதாவது அகவையில் காலமானார். மணிமேகலையைப் படித்ததுண்டா என்றும் அன்று ஐயரைக் கேட்டவர் அவர். அது அச்சேறியதைக் காண அவர் இல்லை.